எத்தனை உருப்படி?

என் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதுரை ஆரப்பாளையத்தைச் சுற்றி ஏறக்குறைய 60 வீட்டுத் துணிகளை எடுத்துப்போய் வைகையில் வெளுத்துக் கொடுத்தவர். எந்தச் சட்டை எந்த வீட்டுடையது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கணக்கு, காலரின் உட்புறத்திலும் வேட்டி ஓரத்திலும் அவர் போட்டு வைத்திருந்த குறிதான். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் என்றால் வாத்தியார் வீடு. பெருக்கல் குறிக்குக் கீழே ஒரு புள்ளி என்றால் மில் மேஸ்திரி வீடு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, ஊசி நுனியில் ஒட்டி வரும் பாலைத் துணியில் தொட்டு வைத்து, மேலே துளி சுண்ணாம்பு தடவுவார். கறுத்துவிடும். அதற்குப் பிறகு உவர்மண், வெள்ளாவி, கல்லடி எதற்கும் அந்தக் கறுப்பு அசையாது. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். அவருடைய ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் வெந்தது போலவே இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் இப்போது குறி போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

வடபழஞ்சியில் எங்கள் அலுவலகம். கடல் தாண்டி இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தரவுகளைப் பராமரிப்பது எங்கள் குழுவின் வேலை. ஆயிரக்கணக்கான அட்டவணைகள். எது எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, எதிலிருந்து எது பிறந்தது என்று பதிந்து வைக்க ஒரு டேட்டா கேட்டலாக் தேவை. நாங்கள் வைத்திருப்பது அபாச்சி அட்லஸ். அதில் ஒரு டேட்டாபேஸ், ஓர் அட்டவணை, அட்டவணைக்குள் இருக்கும் ஒரு பத்தி, எல்லாமே 'என்டிட்டி'. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், இதைத் தமிழில் எப்படிச் சொல்வது அக்கா என்று கேட்டார். அகராதி காட்டும் சொற்கள் எதுவும் வாயில் நுழையவில்லை. யோசித்துவிட்டு "உருப்படி" என்றேன். துணியை எண்ணும் சொல். இன்றைக்கும் தேய்ப்புக் கடையில் மூட்டையை வைத்தால் "எத்தனை உருப்படி?" என்றுதான் கேட்பார்கள். சட்டையா, பாவாடையா, தலையணை உறையா என்ற பேதம் அந்தச் சொல்லுக்குக் கிடையாது. என்டிட்டிக்கும் கிடையாது.

உருப்படி என்று ஒன்று இருந்தால் குறி வேண்டும் அல்லவா? அட்லஸில் அதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்று வகைப்பாடு. 'தனிநபர் தகவல்' என்று ஒரு வகைப்பாடு வேண்டுமென்றால், முதலில் அப்படி ஒரு வகை இருக்கிறது என்று முறையாக அறிவிக்க வேண்டும். பிறகுதான் அதை ஓர் அட்டவணைக்குப் போட முடியும். போட்டால் அது அங்கேயே நிற்காது. அந்த அட்டவணையிலிருந்து பிறந்த அட்டவணை, அதிலிருந்து பிறந்த அட்டவணை என்று வழி நெடுகப் பரவும், நாமாகத் தடுத்தாலொழிய. புதுச் சுங்குடிச் சேலையை வெள்ளைத் துணிகளோடு சேர்த்து ஊறப் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகளைக்கூட இந்தச் சாயத்தை வைத்து அபாச்சி ரேஞ்சர் என்ற துணை மென்பொருளில் கட்டலாம்.

இன்னொன்று லேபிள். 2020இல் வந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. இதற்கு அறிவிப்பு எதுவும் வேண்டாம். மனதில் தோன்றிய சொல்லை எடுத்து ஒட்டிவிடலாம். அது பரவாது, ஒட்டிய உருப்படியோடு நிற்கும். அதற்கு என்ன பொருள் என்பது ஒட்டியவருக்கும் அவர் யாரிடம் சொன்னாரோ அவருக்கும்தான் தெரியும். சேங்கொட்டைக் குறி என்றால் இதுதான். ஆகவே தனிநபர் தகவல் போன்ற கனமான விஷயங்களுக்கு லேபிள் போடாதீர்கள். 'இந்த மாதம் சரிபார்த்தது', 'இதை மூடப் போகிறோம்' போன்ற சில்லறைச் செய்திகளுக்கு அது போதும், நன்றாகவே போதும்.

இனி நான் செய்த காரியம்.

சித்திரைத் திருவிழா நேரம். அன்று எதிர்சேவை. அழகர்கோயிலிலிருந்து வரும் கள்ளழகரை மூன்றுமாவடியில் தொடங்கி தல்லாகுளம் வரை ஊரே எதிர்கொண்டு நிற்கும் நாள். மதியத்துக்கு மேல் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. என் அப்பத்தாவுக்கு 84 வயது. தல்லாகுளத்தில் இருக்கும் சின்ன அத்தை வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்தான் அவருக்கு அழகர் வந்ததாகக் கணக்கு. மூன்று மணிக்குள் கிளம்பி, காளவாசல் வழியாக வீட்டுக்குப் போய், அவரை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். அடுத்த நாள் உள்ளூர் விடுமுறை.

அன்று காலையில்தான் வாடிக்கையாளரிடமிருந்து எக்செல் கோப்பு வந்தது. ஜூன் மாத இறுதியில் மூடப்போகும் 412 அட்டவணைகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள் போட வேண்டும். திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டினால் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஏழு மணி நேரம். ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரலே அட்லஸை நேராக அழைக்கும் வழியில் என்றால், இருபது வரி பைத்தான். லேபிளை மொத்தமாகப் போட ஒரே அழைப்பு கிடையாது; ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் அழைப்பு, 412 சுற்று. அவ்வளவுதான்.

முதல் ஓட்டத்தில் 412க்கும் 404 வந்தது. அப்படி ஓர் உருப்படியே இல்லை என்று பொருள். பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. அட்டவணைகளை வைத்திருக்கும் ஹைவ் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித்தான் வைத்துக்கொள்ளும். அட்லஸுக்கும் அப்படியே கொடுக்கும். அட்லஸ் அறிந்த முழுப்பெயர் டேட்டாபேஸ், புள்ளி, அட்டவணை, பிறகு அட் குறி, கிளஸ்டரின் (அட்டவணைகள் இருக்கும் கணினித் தொகுப்பின்) பெயர் என்று போகும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, எக்செல்லில் வால் பிடித்து வந்த இடைவெளிகளைச் சீவி, கிளஸ்டர் பெயரை ஒட்டி மறுபடி ஓட்டினேன்.

ஒவ்வோர் உருப்படிக்கும் அட்லஸ் கொடுக்கும் அடையாள எண்ணை விட்டுவிட்டு முழுப்பெயரால் ஏன் அழைத்தேன் என்று கேட்கலாம். அது மட்டும் நான் அன்று சரியாகச் செய்த வேலை. ஓர் அட்டவணையை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் அட்லஸ் அதற்குப் புது எண் கொடுக்கும். பழையது 'அழிக்கப்பட்டது' என்ற நிலையோடு உள்ளேயே கிடக்கும். எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு அழைப்பவர்கள் ஒருநாள் செத்த உருப்படிக்கு லேபிள் ஒட்டிவிட்டு, ஏன் திரையில் தெரியவில்லை என்று விழிப்பார்கள்.

இரண்டாம் ஓட்டத்தில் 405 அழைப்புகளுக்கு 204 என்ற பதில் வந்தது. வேலை முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். மிச்சம் 7 அட்டவணைகள் உண்மையிலேயே இல்லை. மணி 2.50. மடிக்கணினியை மூடிவிட்டு ஓடினேன். அழகரைப் பார்த்தோம். அப்பத்தா மாடியிலிருந்தே கும்பிட்டார். மறுநாள் அதிகாலை ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். திருவிழாவுக்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர். தாத்தா இருந்திருந்தால், வெளுக்க ஆகாத தண்ணீர் என்று முகம் சுளித்திருப்பார்.

விடுமுறை முடிந்து போனால், வாடிக்கையாளரின் தணிக்கைக் குழுவிலிருந்து ஓர் அம்மையாரின் செய்தி காத்திருந்தது. மிகவும் மரியாதையான செய்தி. அந்த மரியாதைதான் வயிற்றைக் கலக்கியது. தாங்கள் மூன்று மாதமாக ஒவ்வோர் அட்டவணையாகச் சரிபார்த்து, 'பார்த்தாயிற்று' என்றும் 'சந்தேகம் உண்டு' என்றும் பொருள்படும் ஆங்கில லேபிள்கள் போட்டு வந்ததாகவும், லேபிளை வைத்துத் தேடினால் இப்போது பெரும் பகுதி காணவில்லை என்றும், எங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றும் கேட்டிருந்தார்.

தெரியும். அந்தச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

ஏபிஐயை அழைக்கும்போது போஸ்ட், புட் என்று இரண்டு விதமாக அழைக்கலாம். இணைய வழக்கில் அதற்கு ஒரு பொதுப் பழக்கம் உண்டு. போஸ்ட் என்றால் புதிதாக ஒன்றைக் கொடுப்பது. புட் என்றால் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு, கொடுப்பதை வைப்பது. நான் அந்தப் பழக்கத்தை நம்பி, பத்திரமாக இருக்கட்டும் என்று போஸ்ட் போட்டேன். அட்லஸின் லேபிள் முகவரியில் அது நேர்மாறு. அங்கே போஸ்ட் என்றால் 'லேபிள்களை அமை': பழையவை போகும், நீ கொடுத்தவை மட்டும் நிற்கும். புட் என்றால் 'லேபிள்களைச் சேர்': பழையவற்றோடு உன்னுடையதும் நிற்கும். ஆவணத்தில் இது ஒளிந்திருக்கவில்லை. ஒன்றுக்கு 'செட்', இன்னொன்றுக்கு 'ஆட்' என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. இருபது வருடமாக இதே வேலை செய்பவள் எதற்கு வாசிக்க வேண்டும் என்ற திமிர். இன்னும் கேட்டால், போஸ்டில் ஒன்றுமே இல்லாத வெற்றுப் பட்டியலை அனுப்பினாலும் அட்லஸ் தயங்காது. 'ஒன்றும் வேண்டாம் என்று அமை' என்று எடுத்துக்கொண்டு, இருக்கும் எல்லா லேபிளையும் துடைத்துவிடும். அதற்கும் அதே 204தான். வாயைத் திறக்காத பதில்.

உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்று பிறகு மூல நிரலைத் திறந்து பார்த்தேன். ஓர் உருப்படியின் லேபிள்கள் எல்லாம் ஒரே ஒரு சரம். நடுநடுவே செங்குத்துக் கோடு போட்டுத் தொடுத்திருக்கிறார்கள். பூச்சரம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அமைத்தால் சரமே மாறும். சேர்த்தால் சரத்தில் ஒரு பூ கூடும்.

அன்று இரவு அப்பத்தாவிடம் சொன்னேன். என் வேலை பற்றிச் சொன்னால் பொதுவாக அவருக்குத் தூக்கம் வரும். இதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தனை உருப்படி?"

"405, அப்பத்தா. உருப்படி ஒன்றும் தொலையவில்லை. குறிதான் போய்விட்டது."

"கூலியில் பிடிப்பார்களா?"

அதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். மாப்பிள்ளை வீட்டுப் பட்டுவேட்டி ஒன்று மாறிப்போனதற்கு தாத்தா எட்டு மாதம் கூலியில்லாமல் வெளுத்துக் கொடுத்தாராம். பிடிக்க மாட்டார்கள் என்றேன். நம்பாமல் படுத்துக்கொண்டார்.

அவர் படுத்த பிறகு பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். தாத்தா எடுத்து வைத்திருந்த வேட்டி ஒன்று அதில் உண்டு. எங்கள் வீட்டு வேட்டி இல்லை. யாரோ ஊரை விட்டுப் போனவர்கள் எடுக்காமல் விட்டது. அதன் ஓரத்தில் மூன்று குறிகள். ஒன்று தாத்தா போட்டது, எனக்கு அவர் கை தெரியும். மற்ற இரண்டும் வேறு ஊரில் வேறு இரண்டு பேர் போட்டவை. அந்தக் குடும்பம் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர்களாக இருக்கும். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், விரற்கடை இடைவெளியில் பக்கம் பக்கமாக. அடுத்தவர் குறியை அழிக்காத பண்பு என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் சேங்கொட்டைக் கறையை அழிக்க முடியாது, அதனால் அழிக்கவில்லை. முடிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மீட்க வழி இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. அழிக்க முடியாத இடம் ஒன்று அட்லஸிலும் இருக்கத்தானே வேண்டும்?

இருந்தது. ஒவ்வோர் உருப்படிக்கும் அட்லஸ் ஒரு தணிக்கைப் பதிவு வைத்திருக்கிறது. லேபிள் சேர்ந்தால் ஒரு வரி, நீங்கினால் ஒரு வரி, செய்தவர் யார், எப்போது, எந்த லேபிள். நான் 'அமை' என்று சொன்னபோது, அட்லஸ் அதைப் பழையவற்றை நீக்கியதாகவும் புதியதைச் சேர்த்ததாகவும் பிரித்தே பதிந்திருந்தது. காலையில் போய் 405 உருப்படிகளின் பதிவையும் ஏபிஐ வழியாக வாங்கினேன். எங்கள் ஸ்கிரிப்டின் கணக்குப் பெயரில், அந்த நாளில், நீக்கல் என்று இருந்த வரிகளை மட்டும் பொறுக்கினால் 138 உருப்படிகள் தேறின. நீக்கப்பட்ட லேபிள்கள் ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதியிருந்தன. இடைவெளி பார்த்து வெட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் உருப்படிக்குத் திரும்பச் சேர்த்தேன். இம்முறை புட். முதலில் ஒரே ஒரு அட்டவணையில் செய்து பார்த்து, திரையில் மூன்று லேபிளும் பக்கம் பக்கமாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றதற்குப் போனேன்.

இடைவெளி பார்த்து வெட்ட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பற்றி எனக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. அட்லஸின் லேபிளில் இடைவெளி வரக்கூடாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு, இந்த நான்கைத் தவிர எதுவும் கூடாது. நீளம் 50 எழுத்துக்குள். இந்தக் குழுவில் சேர்ந்த புதிதில், சோதனைச் சூழலில் ஓர் அட்டவணைக்கு 'பழசு' என்று தமிழில் லேபிள் போட முயன்றேன். 400 என்று முகத்தில் அடித்தது. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழடி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் தன் பானையில் 'ஆதன்' என்று கீறி வைத்திருக்கிறார். பானை ஏற்றுக்கொண்டது. எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அந்தக் கண்டிப்பு மட்டும் இல்லாமல், 'சந்தேகம் உண்டு' என்று நடுவில் இடைவெளியோடு எவரும் எழுதலாம் என்றிருந்தால், அந்தத் தணிக்கை வரியில் எங்கே ஒரு லேபிள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

தணிக்கைக் குழு அம்மையாருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். 138 பெயர்களையும் இணைத்தேன், மீட்டதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் 138ஐயும் சரிபார்த்தார். நாள் முழுக்க எடுத்துக்கொண்டார். ஒன்றில்கூடக் குறையில்லை என்று மாலையில் ஒரு வரி வந்தது. நன்றி என்ற சொல் அதில் இல்லை. சரிதானே.

இனி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று குழுவில் பேச்சு வந்தபோது, எல்லோரும் ஆவணத்தை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். அதைக் கேட்டு யார் திருந்தியிருக்கிறார்கள்? அனுமதியில் கை வைக்கலாம் என்று யோசனை சொன்னது அந்தத் தம்பிதான். லேபிள் சேர்க்கும் அனுமதியும் நீக்கும் அனுமதியும் அட்லஸில் தனித்தனி. ஸ்கிரிப்ட் ஓடும் கணக்கிலிருந்து நீக்கும் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். நான் தவறிப்போய் 'அமை' என்று அழைத்தாலும், அதில் எதையாவது நீக்க வேண்டியிருந்தால் 403 என்று மறித்துவிடும். சோதனைச் சூழலில் வேண்டுமென்றே பழைய ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தோம். மறித்தது. அவருக்கு அன்று பெரியார் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன், பெரிய டம்ளர்.

ஸ்கிரிப்டையும் திருத்தி எழுதினேன். முன்பு லேபிள் போடும் செயற்கூறுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, பொத்தாம்பொதுவாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தேன். சேர்க்கிறதா, அமைக்கிறதா என்று பெயரிலிருந்து தெரியாது. அதைத் தூக்கிவிட்டு, 'குறி_சேர்' என்று தமிழிலேயே வைத்துவிட்டேன். அட்லஸின் லேபிள் தமிழை ஏற்காது. பைத்தான் 3 செயற்கூறின் பெயரில் தமிழை ஏற்கும். புள்ளி வைத்த 'ர்' உட்பட.

தம்பி அதைப் பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்தார். ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: "அக்கா, ஜூன் முடிந்ததும் இந்த லேபிளை எடுக்க வேண்டுமே, அதற்கு ஒன்று எழுத வேண்டாமா?"

ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.